மின்சாரப் பல் பிரஷ்: கொடுக்கும் விலைக்குப் பயன் உண்டா?

பெட்டிக்கடையில் நாற்பது ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கும் பல் பிரஷ் செய்கின்ற அதே வேலைக்காக, ஆயிரம் இரண்டாயிரம் ரூபாயில் தொடங்கிப் பத்தாயிரத்தையும் தாண்டும் மின்சாரப் பிரஷ்கள் இன்று இந்தியச் சந்தையில் விற்கப்படுகின்றன. அவற்றின் விளம்பரங்கள் நிமிடத்துக்கு இத்தனை ஆயிரம் அசைவுகள் என்று வேகத்தை முன்னிறுத்துகின்றன. பல் மருத்துவர்களில் பலரோ முறையாகத் துலக்கினால் எந்தப் பிரஷும் போதும் என்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதுபோலத் தோன்றினாலும், ஆய்வு முடிவுகளோடு சேர்த்துப் படிக்கும்போது இரண்டுக்கும் இடம் இருப்பது தெரியவரும். ஒரு குடும்பம் இந்தச் செலவைச் செய்யலாமா என்று முடிவெடுக்க, பிரஷ் எதை அகற்றுகிறது, மின்சாரம் அதில் எதைக் கூட்டுகிறது, அந்தக் கூடுதலுக்கு ஆண்டுக்கு எவ்வளவு விலை என்னும் மூன்றையும் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

பிரஷ் அகற்றுவது எதை?

பல்லின் மேற்பரப்பில் பாக்டீரியாக்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு வளர்ந்து உருவாக்கும் மெல்லிய, பிசுபிசுப்பான படிவைப் பற்படலம் என்பார்கள். இப்படலத்தில் உள்ள பாக்டீரியாக்கள் உணவின் சர்க்கரையை அமிலமாக மாற்ற, அந்த அமிலம் பல்லின் கடினமான மேலுறையாகிய எனாமலைக் கரைப்பதால் சொத்தை உண்டாகிறது. அதே படலம் பல்லும் ஈறும் சேரும் கோட்டில் தங்கிவிட்டால் ஈறு சிவந்து வீங்கி, துலக்கும்போது இரத்தம் கசியும் ஈறு அழற்சி தோன்றுகிறது. நாள்பட்ட படலம் எச்சிலில் உள்ள தாது உப்புகளை ஏற்றுக் காரையாக இறுகிவிடும் நிலையில், அதை வீட்டில் எந்தப் பிரஷாலும் எடுக்க இயலாது. பல் மருத்துவர் கருவி கொண்டு சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஆகவே சாதாரணமாயினும் மின்சாரமாயினும் பிரஷின் கடமை ஒன்றே: படலம் இறுகுமுன், அது ஈற்றோரத்தில் நிலைகொள்ளுமுன், நாள்தோறும் அதைக் கலைத்துவிடுவது.

படலத்துக்கும் ஈறு அழற்சிக்கும் உள்ள உறவை ஐயத்துக்கிடமின்றி நிறுவியவர் ஹரால்ட் லோ என்னும் பல் மருத்துவ அறிஞர். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் அவர் தலைமையில் நடந்து 1965இல் வெளியான ஆய்வில், ஆரோக்கியமான ஈறுகளைக் கொண்ட 12 பேர் பல் துலக்குவதை நிறுத்தியபோது, 10 முதல் 21 நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி கண்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. பின்னர் அவரும் அவருடன் பணியாற்றியவர்களும், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண் தொழிலாளர்களின் பற்களை 1970 முதல் 15 ஆண்டுகள் வரை கவனித்து வந்தார்கள். தோட்டத் தமிழர்களான அத்தொழிலாளர்கள் பல் மருத்துவ வசதி ஏதும் எட்டாதவர்களாகவும், பிரஷ் போன்ற வழக்கமான துலக்கல் முறைகளைக் கைக்கொள்ளாதவர்களாகவும் இருந்தார்கள். ஏறத்தாழ எல்லோருக்கும் காரையும் ஈறு அழற்சியும் இருந்தபோதிலும், பல்லைத் தாங்கும் திசுக்கள் வேகமாக அழிந்தவர்கள் 8 விழுக்காட்டினர், மிதமாக அழிந்தவர்கள் 81 விழுக்காட்டினர், அழற்சிக்கு மேல் எதுவும் நேராதவர்கள் 11 விழுக்காட்டினர் என்று 1986இல் வெளியான முடிவுகள் காட்டின.

பிரஷ் வாங்குபவருக்கு இவ்விரு ஆய்வுகளும் தரும் பாடம் பெரிது. துலக்குவதற்கும் துலக்காமல் இருப்பதற்கும் இடையிலான வேறுபாடு மிக ஆழமானது; அதனோடு ஒப்பிட, ஒரு பிரஷுக்கும் மற்றொரு பிரஷுக்கும் இடையிலான வேறுபாடு சிறியதாகவே இருக்க முடியும். மேலும் ஒரே அளவு அழுக்கை எல்லா உடல்களும் ஒரேவிதமாகத் தாங்குவதில்லை என்பதால், எளிதில் ஈறு கெடும் உடல்வாகு உள்ளவருக்குச் சிறு முன்னேற்றமும் மதிப்புடையதாகலாம். கெடாத ஈறு வாய்த்தவருக்கு அதே முன்னேற்றம் வீண்செலவாகலாம்.

கருவி பிறந்த காரணமும் அது இயங்கும் விதமும்

மின்சாரப் பிரஷ் 1954இல் சுவிட்சர்லாந்தில் பிலிப் கி வூக் என்னும் மருத்துவரால் உருவாக்கப்பட்டுப் பிராக்ஸோடென்ட் என்ற பெயரில் வெளிவந்தது. சுவரில் உள்ள மின்செருகியில் நேரடியாக இணைத்துப் பயன்படுத்த வேண்டியிருந்த அக்கருவி, கையை நுட்பமாக அசைக்க இயலாதவர்களையும் பல்லில் கம்பி கட்டியிருந்தவர்களையும் கருத்தில் கொண்டே வடிவமைக்கப்பட்டது. நல்ல கையும் நல்ல பழக்கமும் உள்ளவருக்கு மாற்றாக அல்லாமல், கையின் குறையை ஈடுசெய்யும் துணைக்கருவியாகவே அது தோன்றியது என்னும் செய்தி, அதன் இன்றைய பயனை மதிப்பிடவும் உதவுகிறது. 1960களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் மின்கலத்தில் இயங்கி மீண்டும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் கம்பியில்லாப் பிரஷை அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

இன்று விற்பனையில் உள்ளவற்றுள் இரண்டு வகைகள் முதன்மையானவை. ஓரல் பி பிரஷ்களில் காணப்படும் முதல் வகையில், ஒரு பல்லை மட்டும் மூடுமளவுக்குச் சிறிய வட்டத் தலை முழுச்சுற்றாகச் சுழலாமல் இடமும் வலமுமாக மாறிமாறித் திரும்புகிறது. சில மாதிரிகளில் இது நிமிடத்துக்கு 8,800 முறை நிகழ்கிறது. பிலிப்ஸ் நிறுவனத்தின் சோனிகேர் பிரஷ்களில் காணப்படும் இரண்டாம் வகையில், சாதாரணப் பிரஷைப் போன்ற நீள்தலை பக்கவாட்டில் மிக வேகமாக அதிர்கிறது. நிமிடத்துக்கு 31,000 அசைவுகள் என்று அதன் மாதிரிகள் பலவற்றில் குறிக்கப்படுகிறது. காதுக்குக் கேட்கும் ஒலியின் அதிர்வெண் எல்லைக்குள் இவ்வதிர்வு அமைவதால் இவ்வகைக்குச் சோனிக் என்று பெயர் வந்தது. கையால் நிமிடத்துக்குச் சில நூறு முறைக்கு மேல் தேய்க்க இயலாது என்பது உண்மையே. ஆனால் படலம் மென்மையான படிவாதலால், பிரஷின் முடிகள் அதைத் தொட்டால் சில அசைவுகளிலேயே அது கலைந்துவிடும், தொடாத இடத்தில் எத்தனை ஆயிரம் அசைவுகளாலும் அது முழுமையாக நீங்காது. அசைவுகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒரு மாதிரியை மற்றொன்றைவிட உயர்ந்தது என்று கருதுவதற்கு ஆதாரமில்லை.

ஆய்வுகளின் தீர்ப்பு

ஒரே கேள்வியை ஆராய்ந்த பல ஆய்வுகளைத் தேடித் திரட்டி, அவற்றின் தரத்தைச் சோதித்து, முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிடும் முறைக்கு முறைசார் மீளாய்வு என்று பெயர். மருத்துவத் துறையில் இத்தகைய மீளாய்வுகளுக்குப் பெயர்பெற்ற காக்ரேன் அமைப்பு, மின்சாரப் பிரஷையும் சாதாரணப் பிரஷையும் ஒப்பிட்டு 2014இல் வெளியிட்ட அறிக்கையில் 5,068 பேர் பங்கேற்ற 56 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. மின்சாரப் பிரஷ் பயன்படுத்தியவர்களிடம் ஒன்று முதல் மூன்று மாதங்களில் பற்படலம் 11 விழுக்காடும், மூன்று மாதங்களுக்கு மேல் 21 விழுக்காடும் குறைவாக இருந்தது. ஈறு அழற்சி முதற்கட்டத்தில் 6 விழுக்காடும், மூன்று மாதங்களுக்கு மேல் 11 விழுக்காடும் குறைந்திருந்தது. நன்மை உண்டு என்பது இதனால் உறுதியாகிறது. எனினும் அந்த நன்மை நோயாளியின் வாழ்வில் எவ்வளவு பொருட்படுத்தத்தக்கது என்பது தெளிவாகவில்லை என்று அதே அறிக்கை எச்சரித்தது. பக்கச்சாய்வு நேரும் வாய்ப்பு குறைவு என்று அதில் மதிப்பிடப்பட்டவை ஐந்து ஆய்வுகள் மட்டுமே.

இவ்விழுக்காடுகளைச் சரியாகப் பொருள்கொள்வதும் அவசியம். ஈறு அழற்சியை அளக்க ஆய்வாளர்கள் பெரிதும் பயன்படுத்தும் அளவுகோலில், ஆரோக்கியமான ஈற்றுக்குச் சுழியமும், தானாகவே இரத்தம் கசியும் ஈற்றுக்கு மூன்றும் மதிப்பெண்ணாக இடப்பட்டு, வாய் முழுவதுக்கும் சராசரி காணப்படுகிறது. 11 விழுக்காடு குறைவு என்றால், ஒன்று என்றிருக்க வேண்டிய சராசரி 0.89 ஆகிறது என்று கொள்ளலாமேயன்றி, நூறு பேரில் பதினொருவருக்கு நோய் வராது என்று கொள்ளக் கூடாது. சொத்தையோ பல் இழப்போ உருவாக ஆண்டுகள் பல ஆகும். இவ்வாய்வுகளில் பெரும்பாலானவையோ சில மாதங்களே நடந்தவை.

நெடுங்கால விளைவைப் பற்றி ஓரளவு வெளிச்சம் தருவது, ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் பல்கலைக்கழகத்தார் 2,819 பேரை 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வு. அதில் மின்சாரப் பிரஷ் பயன்படுத்தியவர்களின் ஈற்று நோய் வளர்ச்சி குறைவாகவும், இழந்த பற்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவும் இருந்தன. ஆயினும் யாருக்கு எந்தப் பிரஷ் என்பதை ஆய்வாளர்கள் ஒதுக்கித் தரவில்லை. மக்கள் தாமே தேர்ந்துகொண்டார்கள். பல்லுக்காகக் கூடுதல் பணம் செலவிடுபவர் பொதுவாகவே உடல்நலத்தில் அக்கறை உள்ளவராகவும், மருத்துவரை அடிக்கடி காண்பவராகவும் இருக்கக்கூடும் என்பதால், கண்ட நன்மை முழுவதையும் கருவியின் கணக்கிலேயே வரவு வைக்க இயலாது.

நேரமும் அழுத்தமும்

மின்சாரப் பிரஷின் நன்மையில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது என்பதை, சாதாரணமாகப் பல் துலக்கும் முறையோடு ஒப்பிட்டால் புரிந்துகொள்ளலாம். நாளுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் என்பது அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் உள்ளிட்ட அமைப்புகளின் பரிந்துரை. 28 பற்களுக்கு இரண்டு நிமிடத்தைப் பங்கிட்டால் ஒரு பல்லுக்கு நான்கு விநாடிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். அதற்குள் வெளிப்புறம், உட்புறம், கடைவாயில் மெல்லும் பரப்பு ஆகிய அனைத்தையும் தொட வேண்டும். காலை அவசரத்தில் முக்கால் நிமிடத்தில் துலக்கி முடிப்பவருக்கு இந்த நான்கு விநாடி ஒன்றரை விநாடியாகச் சுருங்குகிறது. அப்போது முதலில் விடுபடுவது கீழ்ப்பற்களின் உட்புறமும் கடைசிக் கடைவாய்ப் பல்லின் பின்புறமுமே. மின்சாரப் பிரஷில் உள்ள நேரங்காட்டி முப்பது விநாடிக்கொரு முறை விட்டு அதிர்ந்து, வாயின் அடுத்த கால்பகுதிக்கு நகரச் சொல்லி, இரண்டு நிமிடம் முடிந்ததும் அறிவிக்கிறது.

இரண்டாவது குறை அழுத்தம். அழுத்தித் தேய்த்தால்தான் பல் வெளுக்கும் என்னும் நம்பிக்கையோடு கடினமான பிரஷையும் கரகரப்பான பற்பொடியையும் சேர்த்துக் குறுக்கே தேய்ப்பவர்களுக்கு, நாளடைவில் ஈறு கீழிறங்கி, எனாமல் இல்லாத வேர்ப்பகுதி வெளியே தெரியத் தொடங்கும். குளிர்ந்த நீர் பட்டவுடன் சுரீரென்று ஏறும் பல் கூச்சத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். அழுத்தம் மிகும்போது சிவப்பு விளக்கு காட்டியோ வேகத்தைக் குறைத்தோ எச்சரிக்கும் உணரி, நடுத்தர விலை மின்சாரப் பிரஷ்களிலும் உண்டு.

இவ்விரு குறைகளையும் செலவின்றித் தீர்க்கவும் வழியுண்டு. அமெரிக்காவின் டூலேன் பல்கலைக்கழக மருத்துவர் சார்ல்ஸ் பாஸ் பெயரால் வழங்கும் முறையில், மென்முடிப் பிரஷைப் பல்லின்மேல் நேராக வைக்காமல், முடிகளின் நுனி ஈற்றோரத்தை நோக்கி 45 பாகை சாய்ந்திருக்குமாறு பிடித்து, ஒரு முறைக்கு இரண்டு மூன்று பற்களை மட்டும் எடுத்துக்கொண்டு, இடம்விட்டு நகராமல் மிகச் சிறிய அளவில் முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். முடிநுனிகள் ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள மெல்லிய பள்ளத்தில் சற்றே நுழையும். படலம் முதலில் தங்கும் இடமும் அதுவே. கைப்பேசியில் இரண்டு நிமிட அலாரம் வைத்துக்கொண்டு இம்முறையைப் பழகியவர் மின்சாரப் பிரஷுக்கு மாறுவதால் அடையும் கூடுதல் பயன் மிகச் சிறிது. பழக இயலாதவருக்கோ, பழகியும் மறந்துவிடுபவருக்கோ அதே கருவி ஒழுங்கைக் கற்றுத்தரும் ஆசிரியராகிறது.

ஐந்தாண்டுச் செலவு

கைப்பிடியின் விலையை மட்டும் பார்ப்பது இதில் பலரும் செய்யும் பிழை. எந்தப் பிரஷாயினும் முடிகள் வளையத் தொடங்கும் மூன்று நான்கு மாதத்துக்குள் மாற்ற வேண்டும் என்பதால், சாதாரணப் பிரஷில் முழுப் பிரஷும் மின்சாரப் பிரஷில் தலைப்பகுதியும் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை வாங்கப்படும். ஒரு பிரஷ் 50 ரூபாய் என்று கொண்டால் சாதாரணப் பிரஷுக்கு ஆண்டுக்கு 200 ரூபாயும் ஐந்தாண்டுக்கு 1,000 ரூபாயும் ஆகும். கைப்பிடி 2,000 ரூபாய், மாற்றுத் தலை ஒன்று 250 ரூபாய் என்று கொண்டால், முதல் தலை உடன் வருவதைக் கணக்கில் எடுக்காவிட்டால், ஐந்தாண்டில் 20 தலைகளுக்கு 5,000 ரூபாயும் கைப்பிடியும் சேர்ந்து 7,000 ரூபாய் ஆகும். இந்தக் கணக்குப்படி கூடுதல் செலவு ஆண்டுக்கு 1,200 ரூபாய், அதாவது மாதம் 100 ரூபாய். தலைகளை மாற்றிப் பொருத்திக்கொண்டு ஒரே கைப்பிடியைக் கணவன் மனைவி இருவர் பயன்படுத்தினால் தலா ஒருவருக்கான கூடுதல் செலவு ஆண்டுக்கு 1,000 ரூபாயாகக் குறையும். கைப்பிடியைவிடத் தலைகளே அதிகம் விழுங்குகின்றன என்பதால், பங்கிட்டாலும் செலவு பாதியாவதில்லை.

இதில் மறைந்திருக்கும் இடர்கள் இரண்டு. தலையின் விலைக்கு அஞ்சி, முடிகள் பிய்ந்து விரிந்த பின்னும் ஓர் ஆண்டு வரை அதையே ஓட்டுபவர், மூன்று மாதத்துக்கொரு புது சாதாரணப் பிரஷ் வாங்குபவரைவிட மோசமாகவே துலக்குவார். பெரும்பாலான மாதிரிகளில் மின்கலம் கைப்பிடிக்குள் நிலையாக மூடப்பட்டிருப்பதால், அது வலுவிழந்தவுடன் முழுக் கைப்பிடியையும் தூக்கியெறிய நேரும். ஐந்தாண்டுக்குப் பதில் மூன்றாண்டில் அது செயலிழந்தால் மேற்கண்ட கணக்கு மாறிவிடும்.

சுற்றுச்சூழல் கணக்கிலும் மின்சாரப் பிரஷ் பின்தங்குகிறது. அயர்லாந்தையும் இங்கிலாந்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஒப்பீட்டில், பருவநிலை மாற்றத்துக்குக் காரணமாகும் அளவில் அது மூங்கில் பிரஷைவிட 11 மடங்கு அதிகம் என்று கண்டறியப்பட்டது. பழுதான கைப்பிடி மின்னணுக் கழிவு ஆகையால், குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பாளரிடம் சேர்க்கப்பட வேண்டும்.

யாருக்குத் தேவை?

மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவர், பக்கவாதத்துக்குப் பின் ஒரு கை வலுவிழந்தவர், கைநடுக்கம் உள்ளவர், படுக்கையில் உள்ள முதியவருக்குப் பல் துலக்கிவிடும் பராமரிப்பாளர் ஆகியோருக்கு இச்செலவு தயக்கமின்றிப் பரிந்துரைக்கத்தக்கது. தடித்த கைப்பிடியைப் பிடிப்பதும் எளிது, நுண்ணிய அசைவைக் கருவியே செய்துவிடுகிறது. பல்லில் கம்பி கட்டியிருக்கும் வளரிளம் பருவத்தினரிடம் கம்பியைச் சுற்றிப் படலம் சேர்வதாலும், அவ்வயதில் பொறுமை குறைவாதலாலும், சிகிச்சை நடக்கும் ஓரிரு ஆண்டுகளுக்கு அது பயன்படலாம். காரை எடுத்த சில மாதங்களிலேயே மீண்டும் ஈற்றில் இரத்தம் வருபவர்களும் மருத்துவரின் கருத்தறிந்து வாங்கலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் வாங்குமுன் தங்கள் இதய மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மற்றவர்கள் முதலில் தங்கள் துலக்கலைச் சோதித்துப் பார்ப்பதே முறை. பல் மருத்துவ மனைகளில் கிடைக்கும் படலம் காட்டும் மாத்திரையை, வழக்கம்போலத் துலக்கி முடித்த பின் மென்று, வாயில் சுழற்றி, துப்பிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால், தூய்மையான எனாமல் வெளுப்பாகவே நிற்க, படலம் தங்கிய இடமெல்லாம் இளஞ்சிவப்பாகத் தெரியும். முன்பற்களின் வெளிப்புறம் பளிச்சென்றிருக்க, கீழ்ப்பற்களின் நாக்குப்புறத்தில் ஈற்றை ஒட்டி ஒரு சிவப்புக் கோடு ஓடுவது பலரிடம் காணப்படும் காட்சி. அந்தக் கோட்டின்மீது பிரஷைச் சாய்த்து வைத்து மறுபடி துலக்கி, அது மறைகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் இவ்வாறு பழகிய பின் சாதாரணப் பிரஷிலேயே கோடு மறைந்து, ஈற்றில் இரத்தமும் நின்றுவிட்டால் மின்சாரப் பிரஷ் தேவையில்லை. முயன்றும் அதே இடங்களில் சிவப்பு நீடித்தால், கருவி உதவுமென்று எதிர்பார்க்க நியாயமான காரணம் உண்டு. முறையாகத் துலக்கியும் இரத்தம் நிற்காவிட்டால் எந்தப் பிரஷும் அதற்கு மருந்தாகாது. அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறி.

வாங்குவதென்று முடிவானால், மீண்டும் சார்ஜ் ஏற்றும் மின்கலம், இரண்டு நிமிட நேரங்காட்டி, அழுத்த உணரி ஆகிய மூன்றும் அமைந்த, மாற்றுத் தலை எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கும் மாதிரியே போதும். கைப்பேசிச் செயலியோடு இணைவது, துலக்கும் முறைகளை ஐந்து வகையாகப் பிரிப்பது, பயணப் பெட்டியிலேயே சார்ஜ் ஏறுவது போன்றவை விலையை உயர்த்துமே தவிர, பல்லின் தூய்மையை அதே அளவில் உயர்த்தும் என்பதற்குச் சான்றில்லை. கருவி வந்த பின் பழைய பழக்கப்படி முன்னும் பின்னும் தேய்க்காமல், தலையை ஒவ்வொரு பல்லின்மேலும் ஈற்றோரமாகச் சில விநாடி வைத்து மெல்ல நகர்த்துவதே சரியான முறை.

பல் நலத்துக்கென ஒரு குடும்பம் ஒதுக்கக்கூடிய பணத்துக்கு ஒரு முன்னுரிமை வரிசை உண்டு. ஃபுளோரைடு கலந்த பற்பசையும், இரவில் படுக்குமுன் துலக்குவதும் முதலிடம் பெறும். எந்தப் பிரஷும் நுழையாத பல்லிடுக்குகளைத் தூய்மை செய்யும் நூலோ சிறு இடுக்குப் பிரஷோ அடுத்தது. ஆண்டுக்கொரு முறை மருத்துவரிடம் காட்டிக் காரை இருந்தால் எடுத்துக்கொள்வது மூன்றாவது. சென்னையில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளில் இச்சேவையைக் குறைந்த செலவில் பெறலாம். இம்மூன்றும் நடைபெறும் வீட்டில், கையோ பழக்கமோ ஒத்துழைக்காத ஒருவருக்காக மாதம் நூறு ரூபாய் கூடுதலாகச் செலவிடுவது தகும். இம்மூன்றில் ஒன்றையேனும் விட்டுவிட்டு, அதற்கு ஈடாக விலையுயர்ந்த பிரஷை வாங்குவது தகாது.